இருநூற்றுப் பதினேழு வயது மாப்பிள்ளை

மகளின் புத்தகப் பையை அவளுக்குத் தெரியாமல் நான் ஒரே ஒரு முறைதான் திறந்திருக்கிறேன். திருட்டுத் தொழிலில் எனக்கு எதிர்காலம் இல்லை என்பது அந்த ஒரு முறையிலேயே தெரிந்துவிட்டது. அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. (இளமைத் திமிர் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.) நடந்து நான்கு வருடமாகிறது.

நான் டெல்லியில் மத்திய சர்க்கார் செக்‌ஷன் ஆபீசர். லக்ஷ்மிபாய் நகரில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். மனைவி செண்பகத்துக்கும் எனக்கும் திருநெல்வேலிப் பக்கம். ஒரே மகள் கோமதி பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். அந்த டிசம்பரில் அவள் பத்தாம் வகுப்பு. மார்ச்சில் போர்டு பரீட்சை. அவளோ சாப்பிட உட்கார்ந்தால் ரசம் சாதத்தைப் பார்த்துத் தானாகச் சிரித்தாள். ரசம் சாதத்தைப் பார்த்துச் சிரிக்கும் பெண்ணை எந்தத் தகப்பன் நம்புவான்?

ஒரு திங்கட்கிழமை காலை, அவள் குளிக்கப் போன நேரத்தில் பையைத் திறந்தேன். கணக்குப் புத்தகத்துக்கும் பூகோளத்துக்கும் நடுவே ஓர் ஆங்கில நாவல். அட்டையில் இரவு உடையில், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, ஒரு பெண் கோட்டையிலிருந்து ஓடி வருகிறாள். பின் அட்டையைப் படித்தேன். பதினாறு வயதுப் பெண்ணொருத்தி, பனி மூடிய அந்தக் கோட்டையில், எப்போதோ செத்துப்போன ஒருவனைக் காதலிக்கிறாளாம். உயிரோடு இருப்பவனைக் காதலித்தால் கண்டிக்கலாம். செத்தவனை என்ன சொல்லிக் கண்டிப்பது?

முழுவதும் படித்து, ஆதாரங்களைத் திரட்டி, அதன் பிறகு மகளைக் கூப்பிட்டு விசாரிப்பது என்று முடிவு செய்தேன். நாவல் என் ஆபீஸ் பைக்குள் போனது.

குளிர்காலத்தில் எங்கள் ஆபீஸ் மதிய இடைவேளையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கட்டடமே வெளியே வந்து புல்வெளியில் வெயில் காயும். ஆண்கள் சீட்டாடுவார்கள், பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள், எல்லோரும் வேர்க்கடலை உரிப்பார்கள். நான் மட்டும் தனியாக ஒரு மரத்தடியில், பழைய ஃபைல் அட்டைக்குள் நாவலை வைத்துப் படித்தேன். அட்டைக்குள் பச்சை நிறக் குறிப்புத் தாள்களும் இருந்தன. மடியில் ஃபைல், சட்டைப்பையில் பேனா, பதினெட்டு வருடப் பழக்கம். கை சும்மா இருக்குமா? நம்பர் போட்டு ஆங்கிலத்தில் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டது.

'1. இந்தக் குளிரில் இந்த உடையோடு நாயகி வெளியே ஓடுவதற்கான அவசியம் விளக்கப்படவில்லை.'

'4. நாயகனின் வயது இருநூற்றுப் பதினேழு. நிரந்தர வருமானம் இல்லை. பகலில் வெளியே வர இயலுமா என்ற விவரமும் இல்லை. மாப்பிள்ளையாக ஏற்பதற்கில்லை.'

'7. எச்சரித்த பிறகும் அதே அறைக்கு மறுபடி போகிறாள். நாயகி அறிவில்லாதவள்.'

'9. இவளுடைய அப்பா எங்கே?'

செவ்வாய்க்கிழமை வரை இப்படி. புதன்கிழமை எழுதியதை நினைத்தால் இப்போதும் காது சிவக்கிறது. '14. நாயகன் பொறுப்பானவனாகத் தெரிகிறது. பத்தி நான்கை மறுபரிசீலனை செய்யலாம்.'

அன்று இடைவேளை முடிந்ததும் ஃபைலை மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் ஃபைலைக் காணோம். எங்கள் தஃப்தரி ராம் சரண் வாசலில் நின்றார். ஃபைல்களை மேஜைக்கு மேஜை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. தன் சர்வீஸில் ஒரு ஃபைலையும் அதே நாளில் சேர்த்தறியாத மனிதர்.

"ராம் சரண், இங்கே இருந்த ஃபைல்?"

"பஹுஞ்சா தியா, சாப்! சீதா மேடம் கே பாஸ்."

நேராக மேடத்திடமே சேர்த்துவிட்டாராம். அந்தப் பழைய அட்டையில் 'மிக அவசரம்' என்று ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்ததை நான் மறந்திருந்தேன். அவர் மறக்கவில்லை. எனக்கும் மேடத்துக்கும் நடுவிலிருந்த அதிகாரி விடுப்பில் இருந்தார். மேடம் எங்கள் டெபுடி செக்ரெட்டரி. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ராம் சரண் பாராட்டுக்காகக் காத்து நின்றார்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனால் அங்கே வேறு பிரளயம்.

"ஏங்க, நேத்து கபாடிவாலாட்ட பழைய பேப்பர் போட்டேம்லா, அதோட இவ புஸ்தகத்தையும் போட்டுட்டேனாம். ரெண்டு மணி நேரமா அழுதுக்கிட்டிருக்கா" என்றாள் செண்பகம்.

"நீதான்மா போட்டிருப்ப! அது பிங்கியோட புக். வெள்ளிக்கிழமை லஞ்ச்சுக்குள்ள தரலைன்னா அவ என்னோட பேசவே மாட்டா. தோஸ்தி கதம்!"

"என்ன புத்தகம்மா?" என்று கேட்டேன். (அந்த நடிப்புக்கு எனக்கு ஒரு பரிசு கொடுத்திருக்கலாம்.)

"ஹிஸ்டரி கைடு" என்றாள் கோமதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் விடிந்ததுமே செண்பகம் சால்வையைப் போர்த்திக்கொண்டு நாலு பிளாக் அலைந்து கபாடிவாலாவைப் பிடித்தாள். அவர் தம் தலைமேல் கை வைத்து, புத்தகம் எதுவும் வரவில்லை என்று சத்தியம் செய்தார். நடுத்தெருவில் மூட்டைகளை அவிழ்த்தும் காட்டினார். எங்கள் வீட்டு விவகாரத்தில் அந்த வாரம் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான்.

கோமதிக்குப் பிங்கியை விட்டால் வேறு சிநேகிதி கிடையாது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. 'நான்தான் எடுத்தேன்' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், 'சரி, கொடுங்க' என்பாள். அதற்கு நான் எங்கே போவேன்? வியாழக்கிழமை மேடம் அறைக்கு நான்கு தரம் போனேன். மேடம் மீட்டிங்கில் இருந்தார். ஃபைல் முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அழைப்பு வந்தது. மேடத்தின் மேஜைமேல் அந்த ஃபைல் திறந்து கிடந்தது. என் குறிப்புகளுக்குக் கீழே அவர் கையெழுத்தில் இரண்டு பக்கம். (மேடம் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். தமிழில் சொல்கிறேன்.)

"ஏழாவது பத்தியில் நாயகி அறிவில்லாதவள் என்று எழுதியிருக்கிறீர்கள்."

"எஸ், மேடம். நோ, மேடம்."

"அந்த அறையில்தான் அவள் அம்மாவின் கடிதம் இருக்கிறது. போகாமல் என்ன செய்வாள்? விளக்குங்கள்."

ஒரு பேயின் காதலிக்காக மேலதிகாரியிடம் விளக்கம் அளித்த செக்‌ஷன் ஆபீசர் இந்தியாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்பா எங்கே என்று நாலு இடத்தில் கேட்டிருக்கிறீர்கள்."

"முந்நூறு பக்கத்தில் ஒரு தடவைகூட வரவில்லை, மேடம்."

"வந்தால் மூன்றாம் பக்கத்திலேயே கதவைப் பூட்டிவிடுவார். கதை முடிந்துவிடும். இந்த மாதிரிப் புத்தகம் எழுதுகிறவர்கள் அப்பாவைத்தான் முதலில் ஒழித்துக்கட்டுவார்கள். சரி, இது யாருடைய புத்தகம்?"

"என் மகளின் சிநேகிதியுடையது, மேடம்."

"மகளிடம் கேட்டுவிட்டு எடுத்தீர்களா?"

நான் என் ஷூவின் முனையைப் பார்த்தேன்.

"அச்சா" என்றார் மேடம். அந்த ஓர் 'அச்சா'வுக்குப் பதிலாக ஒரு மெமோவே வாங்கியிருக்கலாம். "எப்போது திருப்ப வேண்டும்?"

"இன்றைக்கு லஞ்ச்சுக்குள், மேடம்."

"அப்புறம் இங்கே ஏன் நிற்கிறீர்கள்? ஜல்தி!" கதவருகே போனதும் மறுபடி குரல் வந்தது. "கடைசி அத்தியாயத்துக்கு நீங்கள் குறிப்பு எழுதவில்லை. முடிவில் அவன் போய்விடுகிறான்."

ஆட்டோவில் ஏறியதும் கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். மேடம் சொன்னது நிஜம்தான். விடியற்கால வெளிச்சத்தில் அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போனான். கண்ணில் நீர் வந்தது. (டிசம்பர் காற்று. ஆட்டோவில் கதவு கிடையாது.) அந்தக் கலக்கத்தில், பச்சைத் தாள்களைக் கழற்ற வேண்டும் என்ற ஒரே புத்திசாலித்தனமான யோசனை எனக்கு வராமலே போய்விட்டது.

பள்ளிக்கூட வாசலில் லஞ்ச் மணி அடித்துக்கொண்டிருந்தது. காவலுக்கு நின்ற சௌகீதார் கோமதியைக் கூட்டி வந்தார். கூடவே பிங்கி, இன்னும் ஏழெட்டுப் பெண்கள்.

"புத்தகம்மா" என்று ஃபைலை அப்படியே நீட்டினேன்.

அவள் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. பிறகு சந்தேகம். "உங்ககிட்ட எப்படிப்பா?"

"நான்தான் எடுத்தேன். உன் பையிலிருந்து. திங்கட்கிழமை."

அதற்குள் பிங்கி நாடாவை அவிழ்த்து, நான்காம் பத்தியை உரக்கப் படிக்க ஆரம்பித்திருந்தாள். மாப்பிள்ளையின் வயது வந்ததும் ஒருத்தி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அங்கிள், யே சப் ஆப்னே லிகா?" இத்தனையும் நானே எழுதினேனா என்று கேட்டாள் பிங்கி, கண்ணில் ஒரு பக்தியோடு.

கோமதி சிரிக்கவில்லை. காது மடல் சிவக்க, மெதுவாக, "அப்பா, ப்ளீஸ், நீங்க போங்க" என்றாள். எத்தனையோ உத்தரவுகள் வாங்கியிருக்கிறேன். இத்தனை மரியாதையாக யாரும் என்னை வெளியேற்றியதில்லை.

பதினோரு நாள் அவள் என்னோடு பேசவில்லை. செண்பகம் இரட்டிப்பாகப் பேசினாள். "தெருவுல அந்த மனுசன் மூட்டைய அவுக்க வச்சேனே, நீங்க கல்லு மாதிரி பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. உங்களயும் ஒருநா எடைக்குப் போடுதேன் பாருங்க!" ஞாயிற்றுக்கிழமை அவள் உத்தரவின்படி நானே கபாடிவாலாவைக் கூட்டி வந்து, நாற்காலியில் உட்காரவைத்து, டீ கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

பிங்கியின் தோஸ்தி பிழைத்தது. பச்சைத் தாள்களைக் கழற்றவே கூடாது என்று அவள் சொல்லிவிட்டாளாம். புத்தகம் அப்படியே வகுப்பு முழுவதும் சுற்றியது. பன்னிரண்டாம் நாள் காலை, என் காபி டம்ளர் பக்கத்தில் வேறொரு நாவல் இருந்தது. அதில் ஒரு பச்சைத் தாள். 'அப்பாவின் கருத்துக்கு. திங்கட்கிழமைக்குள் திருப்பவும்.'

நான் அழவில்லை. (இந்தத் தடவை ஆட்டோவும் இல்லை.)

இந்த நான்கு வருடத்தில் இந்த ரகத்தில் நாற்பது புத்தகமாவது படித்திருப்பேன். மேடத்துக்கும் அனுப்பி வைக்கிறேன். என் அபிப்பிராயம் இதுதான். ரத்தம் குடிக்கிறவர்கள் பேச்சில் தேன் ஒழுகும், ஆனால் வீட்டில் சமைக்கிறவளுக்கு மரியாதை இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஓநாயாகிறவர்கள் தேவலை, மாதத்தில் ஒரு நாள்தான் தொந்தரவு. ஆனால் இவர்களில் ஒருவனாவது, அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவளைக் காப்பாற்றப் புறப்பட்டதாக நான் படிக்கவில்லை. (இதைக் குறிப்பில் எழுதியபோது எனக்கே சுருக்கென்றது.)

கோமதி இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். போன மாதம் காபி டம்ளர் பக்கத்தில் பச்சைத் தாள் மட்டும் இருந்தது. புத்தகம் இல்லை.

'என் வகுப்பில் படிக்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு டீ குடிக்க வருகிறார். கருத்துக்கு அல்ல. தகவலுக்கு மட்டும்.'

மூன்று தடவை படித்தேன். பேனாவை எடுத்தேன். எழுதுவதற்கு என்னிடம் குறைந்தது பதினான்கு பத்திகள் இருந்தன. 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தாளைச் செண்பகம் பத்திரமாக வைத்திருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டி, "இந்த ஒப்பத்தப் பாருங்க, பூகம்பத்துல போட்ட மாதிரி இருக்கா?" என்று கேட்கிறாள்.