இருநூறு பாட்டில் சலைன்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. கடைசியாகப் பெரியாஸ்பத்திரியின் கொள்முதல் துறையைக் கண்டுபிடித்தது. அதற்குமேல் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை என்பது அந்தத் துறை இயக்குநரின் பணிவான கருத்து.

கருத்து சும்மா வரவில்லை. அவர் கொண்டுவந்த 'கூறுவாரிக் கொள்முதல்' திட்டம் அப்படிப்பட்டது. எந்தப் பொருளையும் பெயர் சொல்லி வாங்கக் கூடாது; பெயரில் பாரபட்சம் ஒளிந்திருக்கிறது. அந்தப் பொருளில் என்னென்ன இருக்கிறதோ அதைப் பட்டியல் போட்டு வாங்க வேண்டும். பட்டியல் சரியென்றால் பொருளும் சரி.

பல் டாக்டர் துளை போட வைரமுனை கேட்டார். வைரம் கார்பன். பென்சில் முனையும் கார்பன். ஒரு டஜன் பென்சில் போய்ச் சேர்ந்தது. டாக்டர் காரசாரமாகப் புகார் எழுதினார். பென்சிலால் எழுதியிருந்ததால், 'பொருள் பயன்பாட்டில் உள்ளது' என்று கோப்பை மூடினார்கள்.

திட்டத்தின் உச்சமாக, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டோர் வாசலில் இருநூறு பாட்டில் சலைன், அதாவது நரம்பில் ஏற்றும் உப்புத் தண்ணீர், வந்து இறங்கியது. இறங்கியது என்னவென்றால், மண்ணெண்ணெயில் மூழ்கிய உலோகத் துண்டுகளோடு ஒரு டிரம், இரும்புச் சிலிண்டர் ஒன்று, பத்து கேன் தண்ணீர், கூடவே ஒரு சீட்டு: 'உபயோகிப்பவர் சேர்த்துக்கொள்ளவும்.'

ஸ்டோர்க்காரம்மா டிரம்மின் லேபிளைப் படித்தார். சோடியம். சிலிண்டரைப் படித்தார். குளோரின். படித்துவிட்டு நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஆறாம் வார்டில் முப்பத்தொரு பேர் வாந்திபேதியில் துவண்டு கிடந்தார்கள். சலைன் தீர்ந்து மூன்று நாள். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டி நர்ஸ்கள் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். பதினேழாம் கட்டிலுக்கு அதுவும் உள்ளே தங்கவில்லை. பதினேழாம் கட்டில், ஸ்டோர்க்காரம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

எதிர் மருந்துக்கடையில் சலைன் கூரை முட்ட அடுக்கியிருந்தது. ஆனால் துறையின் சரக்கு வழியில் இருக்கும்போதோ, கையிருப்பில் இருக்கும்போதோ வெளியே வாங்கக் கூடாது. வாங்கிய பாட்டிலை வார்டில் ஏற்றவும் கூடாது. இயக்குநர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு இருந்தால் மட்டும் வாங்கலாம். இந்த டிரம்முக்கு 'சலைன் வந்தது' என்று எழுதிவிட்டால், அவர் அந்தச் சீட்டையும் தர மாட்டார்.

ஸ்டோர்க்காரம்மா நேரே இயக்குநர் அறைக்குப் போனார். "சார், இது சலைன் இல்ல. நான் வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போட மாட்டேன்."

"உப்புல என்னம்மா இருக்கு?"

"சோடியமும் குளோரினும்."

"வந்ததுல?"

"அதே ரெண்டும்தான். ஆனா..."

"'ஆனா'ன்னு ஒரு தனிமம் இருக்காம்மா? பட்டியல்ல காணோமே?"

"சார், சோடியம் தன்கிட்ட இருக்கற ஒரு எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துடணும். அப்புறம் ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சு வரிசை கட்டி நிக்கணும். அப்பதான் அது உப்பு. அந்தப் பிணைப்பு இல்லேன்னா ஒண்ணு தண்ணி பட்டா வெடிக்கும், இன்னொண்ணு மூச்சுல போனா ஆளைக் கொல்லும்."

இயக்குநர் பேனாவை எடுத்தார். "பிணைப்பு. நல்லது. அது எத்தனை கிலோ?"

"அதுக்குத் தனியா எடை கிடையாது சார்."

"எடையே இல்லாத பொருள் வரலைன்னு ஒரு புகாரா? டெலிவரியில குறைஞ்சது என்னன்னு காட்டும்மா, காட்டு!"

"சார், என் தம்பி கண்ணு உள்ள போயிடுச்சு. ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க, எதிர்க்கடைக்கு ஓடிட்டு வந்துடறேன்."

"கூடப்பிறந்த பாசம் விதியை மீறக் கூடாது" என்றார் இயக்குநர், கண் கலங்கி. தன்னுடைய நேர்மை அவருக்கே தாங்கவில்லை. வரவுப் பதிவேட்டை வரவழைத்து, 'சலைன், 200 பாட்டில், நல்ல நிலையில்' என்று தானே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அதோடு விட்டிருந்தால் அவர் சாதாரண அதிகாரி. "பயப்படாதே, நானே சேர்த்துக் காட்டறேன்" என்று வராந்தாவுக்கே வந்துவிட்டார். ஒரு வாளியில் தண்ணீர் வைக்கச் சொன்னார்.

"சார், வேண்டாம்."

"சிலிண்டர் சாவி எங்கே?"

"என் இடுப்புல. உயிரே போனாலும் தர மாட்டேன்."

"சரி, அது அப்புறம். முதல்ல இது." இடுக்கியால் எலுமிச்சம்பழம் அளவு சோடியத்தை எடுத்தார்.

"சார், தள்ளி நின்னாவது போடுங்க!"

அவர் தள்ளி நிற்கும் ரகமல்ல. குனிந்து, வாளிக்குள் பரிவோடு விட்டார்.

வெடித்த சத்தத்தில் வராந்தா ஜன்னல்கள் நான்கும் கண்ணாடியை உதிர்த்தன. வாளி கூரையைப் பார்க்கப் போனது. இயக்குநரின் மீசை ஒருபக்கம் மட்டும் பதவி விலகியது. பிற்பாடு எழுதிய விசாரணைக் குறிப்பு, 'சோடியம் முழு ஒத்துழைப்பு நல்கியது. தண்ணீரின் நடத்தை வருந்தத்தக்கது' என்று பதிவு செய்திருக்கிறது.

கையிரண்டும் வெந்து, மயங்கி விழுந்தவரை ஆறாம் வார்டுக்குத் தூக்கிப் போனார்கள். வேறு வார்டில் கட்டில் இல்லை. கண் விழித்ததும் முனகினார்: "ஏதாவது ஏத்துங்களேன்மா..."

"சலைன்தான் சார் ஏத்தணும், ஆனா தீர்ந்துபோச்சே" என்றார் ஹெட் நர்ஸ்.

"தீர்ந்துபோச்சா? இருநூறு பாட்டில் இருக்கே! நானே கையெழுத்துப் போட்டேனே!"

ஸ்டோர்க்காரம்மா கட்டிலருகே வந்து நின்றார். "இருக்கு சார். எதை முதல்ல ஏத்தட்டும்? சோடியத்தையா, குளோரினையா?"

இயக்குநர் அவரைப் பார்த்தார். பாட்டில் மாட்டக் காத்திருந்த கம்பியைப் பார்த்தார். பிறகு, கட்டுப் போட்ட கையை நீட்டி, "சீட்டைக் கொண்டா" என்றார்.

பேனாவைப் பல்லில் கடித்து அவர் போட்ட கையெழுத்தோடு ஸ்டோர்க்காரம்மா எதிர்க்கடைக்கு ஓடினார். முதல் பாட்டில் பதினேழாம் கட்டிலுக்குப் போனது. சாயங்காலத்துக்குள் எல்லாக் கட்டிலுக்கும் மேலே ஒரு பாட்டில் தொங்கியது. தம்பி கண்ணைத் திறந்து, "அக்கா, பசிக்குது" என்றான்.

ஆண்டறிக்கையில் இந்தச் சீட்டு, 'துறையின் மின்னல் வேக அவசர நடவடிக்கை' என்ற தலைப்பில் இடம்பெற்றிருக்கிறது. ஒரு சொல்கூட மிகையில்லை. முப்பத்தொரு பேர் மூன்று நாள் துடித்தும் புரியாத வேதியியலை, தானே படுத்துக் கண் விழித்த மூன்றாவது நிமிடத்தில் புரிந்துகொண்ட துறை அது.