பனி மேஸ்திரியும் நாலு சக்கர லாரியும்

சேலம் ஜில்லாவிலேயே பனியில் லாரி ஓட்டத் தெரிந்த ஒரே மனிதர் பனி மேஸ்திரிதான். அந்த வித்தையால் சேலம் ஜில்லாவுக்கு என்ன பிரயோஜனம் என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. கேட்டால் பதில் ஒன்றரை மணி நேரம் நீளும்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். யுத்தத்தில் பட்டாளத்து லாரிகளைப் பழுது பார்க்க இத்தாலி வரை போய் வந்தவர். சண்டை முடிந்ததும், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியில், எங்கள் முதலாளியின் லாரி ஷெட்டில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். நான் அங்கே குமாஸ்தா. அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது.

இத்தாலி மலைகளில் பனி முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கும், அதில் லாரி ஓட்டியிருக்கிறேன் என்பார். எங்களுக்குத் தெரிந்த பனி மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. அது எப்படி முழங்காலுக்கு வரும்? டீக்கடையில் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அவர் போனதும் சிரிப்போம். முதலில் சிரிப்பவன் நான்.

முதலாளி பட்டாளத்து ஏலத்தில் ஒரு சின்ன லாரி எடுத்திருந்தார். முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். பின்னால் திறந்த பெட்டி. சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். வழுக்கும் இடத்தில் டிரைவர் ஒரு கம்பியைத் தள்ளினால் முன் சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் ஐப்பசி மழையில் கம்பியை எப்படித் தள்ளினாலும் வண்டி சேற்றைவிட்டு அசையவில்லை.

மேஸ்திரி விசாரணையில் இறங்கினார். எந்தக் காலத்திலும் கழற்றாத பட்டாளத்துக் கம்பளிக் கோட்டோடு (ஸ்பானர்களெல்லாம் அதன் பைகளில்தான் குடியிருந்தன) நாலு டயரிலும் சாக்கட்டியால் கோடு போட்டார். டிரைவரை ஓட்டச் சொல்லிவிட்டுச் சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டார். பின் கோடுகள் சுற்றின. முன் கோடுகள் அசையவே இல்லை. வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்திருந்தாலே விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் சாட்சியை விசாரிக்காமல் அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

எழுந்து வந்து, "முன் சக்கரம் ரெண்டும் விருந்தாளியாட்டம் சும்மா கூட வருதுங்க" என்றார்.

இஞ்சினின் சுழற்சியை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டே வண்டியில் இல்லை. பெட்ரோல் ரேஷனாயிற்றே, கொஞ்சம் மிச்சமாகட்டும் என்று முதலாளிதான் அதைக் கழற்றி வைத்திருந்தார். அது அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருந்தது. அதை மாட்டாமல் வண்டியைத் தொடமாட்டேன் என்று மேஸ்திரி நின்றுகொண்டார்.

"இந்த ஊர்ல பனியா கொட்டுது, மேஸ்திரி?" என்றார் முதலாளி.

"கொட்டாதுங்க. ஆனா வழுக்குமுங்க."

தண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு அவரே ஊர் நடுவே நடந்து வந்து மாட்டினார். அதோடு தொல்லை தீர்ந்ததா என்றால் இல்லை. புதுப் பெருமையில் டிரைவர் காய்ந்த ரோட்டிலும் கம்பியைத் தள்ளியே ஓட்டினான். ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது; டயர் தேய்ந்தது. வளைவில் நாலு சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை, கெட்டித் தரையில் நாலையும் சேர்த்துப் பூட்டினால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் என்று மேஸ்திரி அவனுக்கு ஒரு வாரம் பாடம் நடத்தினார். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

அடுத்த சித்திரையில் ஒரு மத்தியானம். காப்பித் தோட்டத்தில் வேலை முடித்த பதினொரு பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். முன்னால் டிரைவர், மேஸ்திரி, நான். திடீரென்று ஆலங்கட்டி மழை. பாக்குப் பாக்காக விழுந்து, கால் மணி நேரத்தில் பாதை முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது. மேஸ்திரி முகத்தில் பழைய சிநேகிதனைப் பார்த்த களை.

பிரேக்கைத் தொடாதே என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் மிதித்துவிட்டான். வால் பக்கம் சுழன்று, பின் சக்கரம் ஒன்று பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. மேஸ்திரி குதித்து, பெண்களை ஒவ்வொருவராக மலைப் பக்கம் இறக்கினார். நானும் இறங்கினேன். டிரைவர் கம்பியைத் தள்ளி ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி இன்னும் ஒரு சாண் பள்ளத்தை நோக்கி வழுக்கியது.

"கம்பியத் தள்ளிப்போட்டனுங்க" என்றான் அழாத குறையாக.

"கம்பி சொல்றத நம்பாதப்பா. சக்கரத்தப் பாரு."

முன் சக்கரங்கள் அசையவில்லை. மேஸ்திரி அவனை இறக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார். "வண்டி போனாப் போவுது, எறங்கீருங்க" என்று கத்தினேன்.

"சித்த சும்மா இருங்க சாமி. உள்ள கியரு பல்லோட பல்லு உக்காரல, அவ்வளவுதான்."

பெண்களிடம் முன் சக்கரங்களுக்கு எதிரே மண் போடச் சொன்னார். அவர்கள் தோட்டத்து மண்வெட்டியால் வெட்டி வெட்டிப் போட்டார்கள். அவர் ஸ்டீயரிங்கை நேராக்கி, கிளட்சை ஒரு மயிரிழை விட்டு, கம்பியை மெல்ல அழுத்தினார். 'டக்'கென்று ஒரு சத்தம். முன் சக்கரம் முனகிக்கொண்டே சுற்றியது. வண்டி அங்குலம் அங்குலமாகப் பாதைக்கு ஏறியது.

பிரேக்கைத் தொடாமல், முதல் கியரிலேயே அவர் நடை வேகத்தில் இறக்க, நாங்கள் பின்னாலேயே நடந்தோம். ஈரமில்லாத தரை வந்ததும் கம்பியைப் பழையபடி இழுத்துவிட்டுத்தான் இறங்கினார். அப்புறம் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். முகமெல்லாம் வேர்வை. இத்தாலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அவரு உங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டாள்.

"அண்ணனுங்க" என்று வாயில் வந்துவிட்டது. மேஸ்திரி காதிலும் விழுந்தது. இருவருமே அதைத் திருத்தவில்லை.