மைக்கில் சொன்ன ரகசியம்

"இது நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து ஓடிவிடுங்கள். நான் ஓடவில்லை. நின்று கேட்டேன். தலையை வேறு ஆட்டினேன். (பத்தாம் கிளாஸையே தாண்டாதவனுக்கு அவ்வளவுதான் மூளை.)

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், வேட்டி செக்‌ஷனில் எனக்கு வேலை. ஒருநாள் கடை திறக்கும் முன் மேனேஜர் எங்களை எல்லாம் நிற்கவைத்துப் பேசினார். வீட்டில் கஷ்டம் இருக்கிற ஸ்டாஃப் மனசுவிட்டுப் பேசலாமாம். வியாழக்கிழமைதோறும் அடையாறிலிருந்து கவுன்சிலிங் மேடம் வருவாராம். நாலாவது மாடியில் தனி ரூம்.

"நீங்க என்ன பேசுனாலும் எனக்கே தெரியாது. நூறு பர்சன்ட் ரகசியம்" என்றார்.

எனக்குக் கஷ்டம் இருந்தது. என் மனைவி தேவி கோபித்துக்கொண்டு கே.கே. நகரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் என் வாய். ஒரு கல்யாணப் பந்தியில் என் மாமனார் ரசம் குடிக்கிற அழகை நடித்துக் காட்டினேன். பந்தியே சிரித்தது. மாமனார் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். தேவியும் அவர் பின்னாலேயே போனாள். அப்புறம் என் போனை எடுக்கவே இல்லை.

கடையில் மூச்சு விடவில்லை. அங்கே நான் கலாய்க்காத ஆள் பாக்கியில்லை. விஷயம் தெரிந்தால் என்னை உரித்து உப்புக்கண்டம் போட்டுவிடுவார்கள். தேவியை எப்படித் திரும்ப அழைப்பது என்று மேடத்திடம் ரகசியமாகக் கேட்கலாம் என்று பேர் கொடுத்தேன்.

அங்கேதான் கடை ரூல் குறுக்கே வந்தது. மைக்கில் கூப்பிடாமல் யாரும் செக்‌ஷனை விட்டு நகரக்கூடாது. எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் சூப்பர்வைசர் விடமாட்டார். மைக் பிடிக்கிற சேவியர் அண்ணன் ரூலில் ஒரு எழுத்துக்கூடக் குறைக்காத ஆள்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். நெல்லூர்க்காரர் ஒருவருக்கு வேட்டியைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஸ்பீக்கர் கரகரத்தது.

"வேட்டி செக்‌ஷன் பாபு, குடும்பப் பிரச்சினை தொடர்பான ரகசிய ஆலோசனைக்கு உடனடியாக நான்காவது மாடிக்கு வரவும்."

எதையும் ரெண்டு தடவை சொல்வது வழக்கம். சொன்னார். ஆந்திரா கஸ்டமர்களுக்காகத் தெலுங்கிலும் சொல்வது வழக்கம். அதையும் சொன்னார். அதுவரை வேட்டிக் கரையைத் தடவிக்கொண்டிருந்த நெல்லூர்க்காரர் என் கையைத் தடவினார். "அய்யோ பாபம்!"

சட்டை செக்‌ஷனிலிருந்து விசில் வந்தது. "இன்னா மச்சி, அண்ணி எஸ்கேப்பா?"

லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும். படியேறினேன். மாடிக்கு மாடி ஆள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மேடம் சாந்தமாகக் கேட்டார். "உக்காருங்க பாபு. இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?"

"இன்னா மேடம் ஃபீலு? என் குடும்பம் ஆந்திரா வரிக்கும் பூட்ச்சு! இந்தில சொல்றதுதான் பாக்கி!"

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. நேரே மேனேஜரிடம் போய்க் கத்தினார். நியாயமான கோபம். அதன் பலன் கொஞ்ச நேரத்தில் மைக்கில் வந்தது.

"ஊழியர்கள் கவனத்திற்கு. வேட்டி செக்‌ஷன் பாபுவின் குடும்பப் பிரச்சினை ரகசியமானது. அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம்."

ரெண்டு தடவை. தெலுங்கிலும். இந்தமுறை இந்தியையும் விடவில்லை.

கீழே பில்லிங்கில் இருப்பவள் ரேகா, தேவியின் தங்கை; குடும்ப மானத்துக்காக அவளும் அதுவரை கடையில் வாய் திறக்கவில்லை. முதல் அறிவிப்புக்கே அக்காவுக்கு போன் போட்டவள், அடுத்ததற்கு போனை ஸ்பீக்கர் பக்கம் தூக்கிப் பிடித்து நேரடி ஒலிபரப்பே நடத்திவிட்டாள். உடனே தேவியிடமிருந்து எனக்கு போன்.

"யோவ், என் மானத்த தள்ளுபடில போட்டுக்கினு கீறியா?"

"நான் போடல தேவி. அந்த மேனேஜரு..."

"நீ ஏன்யா அங்க போன?"

"உங்கப்பாவ கிண்டல் பண்ணது தப்புதான். உன்ன எப்டி கூப்புட்றதுன்னு தெர்ல. நீ போன எடுக்கல. வேற யாராண்ட கேக்கறது?"

லைன் கட் ஆகிவிட்டது.

மறுநாள் காலை கடை வாசலில் தேவி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. மேனேஜரைப் பிடித்தாள்.

"எம் புருசன நான் திட்டுவேன், எங்கப்பா திட்டுவாரு. மைக்கு போட்டு மானத்த வாங்க நீ யாருய்யா?"

"கடை ரூல்மா..." என்றார் மேனேஜர். அதற்கு அவள் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. சாயங்காலம் என்னோடு வீட்டுக்கு வந்தாள்.

என் கதை முடிந்தது. என் கோபம் முடியவில்லை. புடவை செக்‌ஷன் கலா அக்கா அந்த வியாழக்கிழமை எனக்கு அடுத்ததாகப் பேர் கொடுத்திருந்தது. புருஷன் அடிக்கிற அடி கன்னத்திலேயே தெரியும். என் பேரை மைக்கில் கேட்டதும் சேவியர் அண்ணனிடம் ஓடிப்போய், "எம் பேர எடுத்துடுண்ணே, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று கும்பிட்டது. அப்புறம் அந்த ரூமுக்கு ஒருவரும் போகவில்லை. மேடமும் வருவதை நிறுத்திவிட்டார். "பாத்தீங்களா சார், நம்ம ஸ்டாஃபுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல" என்று முதலாளியிடம் மேனேஜர் பெருமையடித்தபோது, மடித்துக்கொண்டிருந்த வேட்டியால் அவர் கழுத்தை நெரிக்கலாமா என்று யோசித்தேன்.

கே.கே. நகர் வீட்டில் இப்போது என்னை யாரும் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை. நான் செருப்பைக் கழற்றும்போதே மாமனார் சமையல்கட்டுக்குக் குரல் கொடுப்பார். "இந்தாம்மே, ரகசியம் வந்துகீது. காபி போடு!"

சுர்ரென்று ஏறும். திருப்பி ஒன்று விடலாம் என்று வாயைத் திறப்பேன். தேவி ஒரு பார்வை பார்ப்பாள். மூடிக்கொள்வேன்.