நாற்பது சட்டியும் ஒரு சட்டியரும்

செய்து கொடுத்த பொருளைத் திருப்பித் தரச்சொல்லி ஊர் ஊராய் அலைந்த கைவினைஞர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இணுவிலில், எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். அவருக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் தபால்காரர் உட்பட எல்லோருக்கும் அவர் சட்டியர்தான்.

சமையல் சட்டி அல்ல. பீங்கானில் கையால் செய்யும் வாசச்சட்டி. கீழே சின்ன மெழுகுதிரி வைக்க ஒரு வாசல், மேலே ஒரு கிண்ணம். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, நாலு சொட்டு வாச எண்ணெய் விட்டுத் திரியை ஏற்றினால் வீடெல்லாம் மல்லிகை மணக்கும். முதன்முதலில் அதைக் கண்ட அம்மா, "அண்ணை, உதிலை ஒரு முட்டை பொரிக்கலாமோ?" என்று கேட்டுவிட்டா. சட்டியர் ஒரு கிழமை எங்கள் வீட்டுப் பக்கமே திரும்பவில்லை.

சட்டி வாங்க வருபவர்களுக்கு நேர்முகத் தேர்வு உண்டு. "யன்னல் எந்தப் பக்கம்? வீட்டிலை பூனை நிக்குதோ?" பூனை என்றால் சட்டி இல்லை.

தங்கச்சியின் கலியாணத்துக்கு வந்த நாற்பது குடும்பங்களுக்கும் வீட்டுக்கொரு வாசச்சட்டி கொடுத்தோம். யோசனை என்னுடையது. சட்டியர் மணமக்களை வாழ்த்த மறந்து, பந்தியில் இருந்தவர்களிடம் இலை இலையாகப் போய், "தண்ணி விடாமல் கொழுத்தாதேங்கோ!" என்று சொல்லித் திரிந்தார்.

மூன்றாம் நாள் காலை எங்கள் வாசல் படலையில் நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"தம்பி, பிழைச்சுப்போச்சு. களிமண் சூளையிலை சுருங்குமெண்டு ஊருக்கெல்லாம் படிப்பிச்ச நான், கிண்ணத்தின்ரை ஆழத்திலை அதை மறந்திட்டன். மிஞ்சின ஒண்டை இப்பதான் கொழுத்திப் பாத்தன். திரி அணைய முதல் தண்ணி வத்துது, எண்ணெய் புகைக்குது. ஆரின்ரையும் வீடு பத்தினால்?"

"ஃபோனிலை சொல்லுவம் அண்ணை."

"ஃபோனிலை ஓம் ஓம் எண்டிட்டுக் கொழுத்துவினம்."

அம்மா பதறினா. "குடுத்த பரிசைத் திருப்பிக் கேக்கிறதோ? மானம் போகும்!"

சட்டியர் அம்மாவைப் பார்த்தார். "மானம் போகட்டும் தங்கச்சி. வீடு போகக்கூடாது."

என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உரப்பையோடு ஏறிக்கொண்டார். கரவெட்டிப் பெரியப்பா சட்டிக் கிண்ணத்தில் பல்செட்டை ஊறப்போட்டிருந்தார். வேறு நாளென்றால் சட்டியர் அழுதிருப்பார். அன்று கையெடுத்துக் கும்பிட்டார். "ஊரிலை நீங்கள் ஒராள்தான் இதை ஒழுங்காப் பாவிக்கிறியள்!"

பண்டத்தரிப்பில் இருந்த சம்பந்தி வீட்டைக் கடைசிக்கு விடச் சொன்னது அம்மா. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உள்ளே கரும்புகை. சாமியறையில் சட்டி எரிந்துகொண்டிருந்தது. மேலே தொங்கிய பட்டுத்திரையின் ஓரம் கருகத் தொடங்கியிருந்தது. சட்டியர் செருப்போடு பாய்ந்தார். கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்.

"செருப்போடை சாமியறைக்கையோ!" என்று கத்திக்கொண்டு வந்த சம்பந்தியம்மா, திரையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டா. பிறகு, "ஐயோ, கையைக் காட்டுங்கோ," என்றா.

"கை கிடக்கட்டும் அம்மா. பிழை என்ரை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நாற்பதையும் அவரே சுத்தியலால் உடைத்தார். எவ்வளவு சொல்லியும் கேளாமல், கொப்புளம் ஆறமுதலே துணியைச் சுற்றிக்கொண்டு புதிதாகச் செய்யத் தொடங்கினார். இந்தமுறை ஒவ்வொன்றையும் திரி அணையும்வரை பக்கத்தில் இருந்து பார்த்த பிறகுதான் கொடுத்தார்.

கடைசிச் சட்டி, நாற்பத்தோராவது, எங்களுக்கு. பின்னேரம் கொண்டுவந்து விறாந்தையில் கொழுத்தி வைத்துவிட்டு, முன்னால் கதிரையில் இருந்தார். பாதித் திரிகூட எரிந்திருக்காது, அதற்குள் மனிசன் வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார்.

எழுப்பப் போன என்னை அம்மா கையைப் பிடித்து நிறுத்தினா. இன்னொரு கதிரையைச் சத்தமில்லாமல் கிட்டத் தூக்கிப் போட்டு, திரி அணையும்வரை அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தா.