அம்மன் காலடியில் ஆறு இலக்கம்

கந்தப்பளை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மருமகன் மதுரனுக்கு அத்தை எழுதிக்கொள்வது. இங்கே மாரியம்மன் புண்ணியத்தில் அனைவரும் நலம். கொழும்பில் உன் நலத்தையும் அவளிடமே ஒப்படைத்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ கத்துவாய், அதனால்தான் கடுதாசி.

தோட்டத்துப் புள்ளைங்கள நிஷாந்தி பாத்துக்கிற எங்கள் பிள்ளைக் காம்பரா கம்ப்யூட்டர் கொழும்புப் பெரிய கம்ப்யூட்டரோடு சேருவதற்கு, அரை நிமிஷத்துக்கொருக்கா நம்பர் மாறுகிற சின்னக் கருவி ஒன்று தந்தாயே, யாருக்கும் காட்டாதீங்க அத்தைன்னு? நான் யாருக்கும் காட்டல. புதுச் சாமானாச்சேன்னு அம்மன் காலடியில மட்டும் வச்சேன். அன்னைக்குப் பார்த்து பூசாரி பொன்னையா அண்ணன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிட்டாரு. "காப்பு அவுக்கிற வரைக்கும் உள்ள இருக்கிறது வெளிய வராது தங்கச்சி"ன்னுட்டாரு. பத்து நாளு! வெள்ளிக்கிழமைக்குள்ள புள்ளைங்க ஊசி விவரம் கொழும்புக்குப் போகலைன்னா நிஷாந்திக்கு வேல நிரந்தரமில்லன்னு தோட்டத்துத் தொர சொல்லியிருக்காரு, அவளப் பெத்தவ நான் சும்மா இருக்க முடியுமா? கோயில்ல போன் சிக்னலும் இல்ல. அண்ணன் நம்பரை வாசிக்க, நான் வாசல்ல நின்னு கத்த, கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த அம்மாக்கண்ணு வாங்கி அடுத்த நிரைக்குக் கத்த, மலையே கத்தி கீழ காம்பராவுக்குப் போய்ச் சேர்ந்தா, நிஷாந்தி கத்துறா: "ஏம்மா, பழைய சோறாவது ராத்திரி தாங்கும், இது வந்து சேர முன்னாடியே கெட்டுப்போகுது!"

அப்பதான் அம்மன் எனக்குக் கண்ணக் காட்டுனா. திருவிழா மைக்கு! அண்ணன் தேவாரத்தை நிப்பாட்டி, ஆறு இலக்கத்தையும் ராகமா வாசிச்சாரு. தோட்டத்து மூணு பிரிவுக்கும் கேட்டுச்சு. நிஷாந்தி அடிச்சா, கொழும்பு தெறந்துச்சு, நூத்திப்பத்து புள்ளைங்க விவரமும் போச்சு, நேத்து வேலையும் நிரந்தரமாச்சு. சனம்தான் அருள்வாக்குன்னு நெனச்சு அந்த நம்பருக்கு லொத்தர் சீட்டுத் தேடுது. நீ கோவிக்காத, ஒருக்கா அடிச்சா செத்துப்போற நம்பருதானே, யாரு கேட்டா என்ன?

இனி உன் சாமான் எதையும் கோயில் பக்கமே கொண்டுபோக மாட்டேன். இது அம்மன் மேல் சத்தியம். நேரத்துக்குச் சாப்பிடு, திருநீறு பூசாமல் வேலைக்குப் போகாதே.

உன் நலமே கேட்கும்,
காளியாயி அத்தை.

பி.கு.: நிஷாந்தி சொல்லி நீ அனுப்பிய புதுக் கருவி இப்பதான் தபால்ல வந்துச்சு. புதுசாச்சேன்னு வாங்குன கையோட ஓடிப்போய் அம்மன் காலடியில வச்சுட்டேன். பாதிப் படி எறங்குன பொறகுதான் சத்தியம் ஞாபகம் வந்துச்சு. காப்பு அவுக்க இன்னும் அஞ்சு நாளு. ரெண்டும் வேற வேற நம்பர் காட்டுதாம், மைக்குல எத வாசிக்கன்னு பொன்னையா அண்ணன் கேக்குறாரு.