இடம் பிறகு சொல்லப்படும்

"மெஷின் எந்த ஊருக்குப் போகுது சார்?" என்று வேதமுத்து கேட்டார்.

முதலாளி கஜபதி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "இடம் இன்னும் முடிவாகலை. அப்புறம் சொல்றேன்."

அவ்வளவுதான், அது பீகார்தான் என்று வேதமுத்து முடிவு கட்டிவிட்டார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கஜபதியின் கம்பெனி, மாவும் ரவையும் எடைபோட்டுப் பையில் கொட்டுகிற மெஷின்களுக்கு மூளை செய்து விற்றது. மூளை என்றால் ஒரு பச்சைப் பலகை. அதில் ஒரு சிப், சிப்புக்குள் ஒரு புரோகிராம். கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புரோகிராமை யார் எழுதினாரோ அவர் மெஷினோடு கூடவே போய் ஆறு மாதம் அங்கேயே கிடக்க வேண்டும். கோளாறு வந்தால் எழுதினவனுக்குத்தானே தெரியும் என்பது கஜபதியின் கட்சி. அதை யாரும் மறுத்துப் பேசியதில்லை, சம்பளம் கொடுக்கிறவர் அவர்.

அதுவரை போன மெஷின்கள் எல்லாம் பீகாருக்குத்தான் போயின. கடைசியாகப் போன ராயப்பன் திரும்பி வந்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தெருநாயைக்கூட இந்தியில் விரட்டினார். மறுவாரமே வேலையை விட்டுவிட்டு மாமனாரின் பாத்திரக் கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். இது நடந்தது தொண்ணூறில். இப்போது தொண்ணூற்றொன்று. இந்தத் தடவை எழுதினவர் வேதமுத்து.

வேதமுத்துவின் மனைவி சாராளுக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, இரண்டு தடவை கலைந்த பிறகு, நிலைத்த கரு. "பிறக்கிறப்போ நான் பக்கத்துல இருப்பேன்" என்று வேதமுத்து அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வேதமுத்துவும்தான்.

அன்று சாயங்காலம் ஆவடி வீட்டில் சாராள் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எந்த ஊருன்னு இன்னொரு வாட்டி கேட்டுப் பாருங்களேன்."

"கேட்கவே கூடாது. கேட்டா, போறதுக்கு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"பீகார்னு அவர் சொல்லலையே."

"அதை வேற வாயைத் திறந்து சொல்லணுமா?"

மனசுக்குள் ஒரு திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

கம்பெனியில் தாட்சாயிணி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். வானகரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதப் படித்தவள். மறுநாள் காலை வேதமுத்து அவளிடம் போய்ச் சுற்றிவளைத்துப் பேச ஆரம்பித்தார். "உனக்கு வெளியூர் போறதுல கஷ்டம் ஏதாவது உண்டாம்மா?"

"வீட்டுல தினம் ஒரு மாப்பிள்ளை போட்டோ காட்டுறாங்க சார். பீகாரோ பர்மாவோ, அனுப்பினா இன்னைக்கே கிளம்பிடுவேன்."

வேதமுத்துவுக்குக் கர்த்தரே நேரில் வந்து பேசியது போலிருந்தது. இனி ஒரே ஒரு வேலை. புரோகிராமை அவளுடையதாக்கிவிட வேண்டும். எழுதினவள் அவள் என்றால் போகிறவளும் அவள்.

ஆனால் அந்தப் புரோகிராம் லேசில் கைமாறுகிற ஜாதியில்லை. வேதமுத்து பழைய ஆள். சிப்பின் மெமரியில் ஒவ்வொரு இடத்துக்கும் கதவு எண் மாதிரி ஒரு எண் உண்டு, அதை அட்ரஸ் என்பார்கள். எடை பார்க்கிற பகுதி எந்த அட்ரஸ், ரவைத் தொட்டியின் கதவைத் திறக்கிற பகுதி எந்த அட்ரஸ் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 'எடை பார்க்கப் போ' என்று எழுதமாட்டார். '0340-க்குப் போ' என்றுதான் எழுதுவார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வெறும் எண்கள்.

இந்தத் தடவை அது உதைத்தது. புது பார்ட்டியின் பலகையில் மெமரியின் முன்பகுதியை வேறு யாருடைய புரோகிராமோ பிடித்துவைத்திருந்தது. நம்முடையது தள்ளித்தான் உட்கார வேண்டும். எவ்வளவு தள்ளி என்று கேட்டதற்கும் கஜபதி "அப்புறம் சொல்றேன்" என்றுதான் சொன்னார். அந்த மனுஷனுக்கு எல்லாமே அப்புறம்தான்.

"இரண்டாயிரம் தள்ளின்னு வெச்சுக்குவோம்" என்று வேதமுத்துவே முடிவு செய்தார். காலியாக விடுவது அவருக்கு ஆகாத காரியம். புரோகிராம் முழுவதும் எங்கெல்லாம் நாலு இலக்கம் கண்ணில் பட்டதோ அங்கெல்லாம் இரண்டாயிரத்தைக் கூட்டினார். கூட்டி முடித்து, சிப்பில் ஏற்றி, ஐந்து கிலோ ரவைப் பையை மாட்டிச் சுவிட்சைப் போட்டார்.

ரவை விழுந்தது. ஐந்து கிலோ தாண்டியது. பை புடைத்தது. ரவை நிற்கவில்லை. ஏழு, ஒன்பது, பத்து. பையின் அடித்தையல் விட்டு, ஷெட் முழுக்க ரவை.

ஹெல்பர் எத்திராஜ் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தான். "இன்னா சார், மெஷினுக்கு ஈவு எரக்கம் ஜாஸ்தியா கீது?"

தாட்சாயிணி காகிதத்தைப் பார்த்தாள். "சார், இந்த நம்பர் அட்ரஸ் இல்லையே. ஐயாயிரம் கிராம்னு எடை இல்லையா இது? இதுக்கும் கூட்டியிருக்கீங்க."

உண்மைதான். அட்ரஸும் நாலு இலக்கம், எடையும் நாலு இலக்கம். எண்ணைப் பார்த்தால் எது வீட்டு விலாசம், எது ரவையின் எடை என்று எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. மெஷினின் கணக்கு வேறு நம் கணக்கு மாதிரி இல்லை, பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும்; அதன் இரண்டாயிரம் நமக்கு எட்டாயிரத்துச் சொச்சம். அதில் இந்த 'இரண்டாயிரத்தை'ச் சேர்த்ததும் ஐந்து கிலோ பதின்மூன்று கிலோ சொச்சமாகிவிட்டது.

"இதுல ஒண்ணும் இல்லம்மா. எடை மாதிரி தெரியறதையெல்லாம் விட்டுட்டாப் போச்சு" என்றார் வேதமுத்து.

விட்டார். எடை மாதிரி தெரிந்த ஒரு அட்ரஸையும் சேர்த்து விட்டார். இந்தத் தடவை ரவை சரியாக ஐந்து கிலோவில் நின்றது. ஆனால் மெஷின் அடுத்த வேலைக்குப் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் பழைய விலாசத்துக்குப் போய், அங்கே இருந்த யாருடைய புரோகிராமையோ ஓட்ட ஆரம்பித்தது. மெஷின் கடகடவென்று ஆடியது. சுவிட்சை அணைத்தும் நிற்கவில்லை, எத்திராஜ் ஓடிப்போய் மெயினைப் பிடுங்கினான்.

"சார்" என்றாள் தாட்சாயிணி, மெதுவாக. "நம்பரே வேண்டாம். பேரை எழுதிடலாம். 'எடைபார்'னு ஒரு பேர், 'கதவுதிற'ன்னு ஒரு பேர்."

"பேரை எழுதினா சிப்புக்கு என்ன தெரியும்?"

"சிப்புக்குத் தெரியவேண்டாம். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியா எழுதுவோம். அட்ரஸ் தெரியாத இடத்துல கம்ப்யூட்டர் சைபர் போட்டு வெச்சுடும். 'இந்த இடத்துல இன்னாரோட அட்ரஸ் வரணும்'னு தனியா ஒரு குறிப்பும் எழுதிக்கும். அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணு சேர்க்க லிங்கர்னு ஒரு புரோகிராம் இருக்கு. மெமரியில எங்க உட்காரணும்னு நாம சொன்னதும், அந்தக் குறிப்பைப் பார்த்து சைபர் இருக்கிற இடத்தையெல்லாம் அதுவே நிரப்பிடும். எடையை அது தொடாது. எடைக்குத்தான் குறிப்பே இல்லையே."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் காலியா கிடக்கட்டும் சார். தெரியாததை நாம நிரப்பக் கூடாது."

வேதமுத்து அரைமனதாகத் தலையாட்டினார். இருவரும் பேசிப் பேசி, எண்களையெல்லாம் பெயர்களாக்கி எழுதி முடித்தார்கள். விரல்கள் அவளுடையவை, மூளை அவருடையது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அவள் பெயரைத்தான் போட வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அவரோ, பெருந்தன்மை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் கஜபதி பார்க்க வருவதாக இருந்தது. தாட்சாயிணி வீட்டுக்குக் கிளம்பிய பிறகு வேதமுத்து அச்சடித்த தாளை எடுத்துப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் சைபர். 'எடைபார்' சைபர். 'கதவுதிற' சைபர். இந்தப் பெண் சின்னப் பெண். இதை இப்படியே காட்டினால் கஜபதி, 'இவளுக்கு ஒண்ணும் தெரியலை, நீயே போயிட்டு வா' என்று சொல்லிவிடுவார். அப்புறம் சாராள்?

உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கூட்டல் குறி போட்டு, இரண்டாயிரம் தள்ளி வருகிற அட்ரஸைத் தன் கையாலேயே சேர்த்துவைத்தார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். அவர் செய்தது எல்லாமே நல்லெண்ணத்தில்தான். பிறகு, மனம் லேசாகி, ஆவடி பஸ்ஸைப் பிடித்தார்.

காலையில் கஜபதி வந்தார். தாட்சாயிணி இரண்டாயிரத்தில் வைத்து லிங்கரை ஓட்டினாள். லிங்கர் தன் வழக்கப்படி அட்ரஸ்களைக் கண்டுபிடித்து, அங்கே ஏற்கெனவே இருந்ததோடு கூட்டியது. இருந்ததோ சைபர் இல்லை. அட்ரஸோடு அட்ரஸ் சேர்ந்து எல்லாம் இரட்டிப்பாயின. சிப்பில் ஏற்றிச் சுவிட்சைப் போட்டதும், பையே மாட்டாத நேரத்தில் மெஷின் கதவைத் திறந்தது. தொட்டியிலிருந்த ரவை மொத்தமும் முதலாளியின் வெள்ளை பேன்ட்டிலும் செருப்பிலும் இறங்கியது.

கஜபதி அசையாமல் நின்றார். எத்திராஜ் துடைப்பத்தோடு வந்து, அவர் காலைச் சுற்றிப் பெருக்கினான். "காலை தூக்குங்க நைனா" என்று மட்டும் சொன்னான்.

"சாயங்காலம் வரைக்கும் டைம்" என்று கஜபதி சொல்லிவிட்டு உள்ளே போனார். போகிற வழியெல்லாம் ரவை உதிர்ந்தது.

தாட்சாயிணி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள், கூட்டல் குறிகளைப் பார்த்தாள், வேதமுத்துவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"காலியா இருந்துதும்மா. பார்க்கச் சகிக்கலை."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கூட்டல் குறிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். வேதமுத்து இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார். அவர் வாழ்க்கையிலேயே கஷ்டப்பட்டுச் செய்த வேலை அன்று ஒன்றும் செய்யாமல் நின்றதுதான்.

சாயங்காலம் புரோகிராமை இரண்டாயிரத்தில் வைத்தார்கள். ஓடியது. நாலாயிரத்தில் வைத்தார்கள். ஓடியது. கஜபதியே வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொன்னார். அங்கேயும் ஓடியது. பைகள் ஐந்து கிலோவாக, சமர்த்தாக, வரிசையாக வந்து நின்றன.

கஜபதி ஒரு பையைத் தட்டிக்கொடுத்தார். "எங்க தூக்கிவெச்சாலும் ஓடுது. யார் எழுதினது?"

"தாட்சாயிணி சார்" என்றார் வேதமுத்து உடனே.

"பாதி சார்தான் சொல்லிக் குடுத்தாரு" என்றாள் அவள்.

"ஒரு வரிகூட என்னுது இல்லை சார். பைபிள் மேல சத்தியமாச் சொல்றேன்."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சர்ச் கமிட்டியில் மெம்பராக இருக்கிற மனுஷன். ஆனால் அந்த நேரத்தில் அவர் கண்ணில் சாராள் மட்டும்தான் இருந்தாள்.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் கஜபதி. "அப்போ வழக்கப்படி தாட்சாயிணி இந்த மெஷினைப் பார்த்துக்கட்டும்."

வேதமுத்து மூச்சை விட்டார். பல நாள் அடக்கிவைத்திருந்த மூச்சு.

"நீ ஃப்ரீ ஆயிட்டே வேதமுத்து. எனக்கும் ஒரு பாரம் கொறைஞ்சுது. பீகார்ல ராயப்பன் போட்ட மெஷின் நின்னுபோச்சுன்னு காலையில போன். அதுவும் பூரா நம்பரா அடிச்சுவெச்சது. இதே மாதிரி மாத்தி எழுதணும், ஆறு மாசம் புடிக்கும். இந்த மெஷின் உன்னோடதா இருந்தா உன்னை இங்கருந்து அசைக்க முடியாதேன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். திங்கக்கிழமை ரயில் ஏறிடு."

வேதமுத்துவுக்குக் காதில் விழுந்தது. மனசில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சார், வீட்டுல அவளுக்கு ஏழாம் மாசம்..."

"தெரியும்பா. அதான் சொல்றதுக்கே சங்கடமா இருக்கு. வேற ஆள் இருந்தா அனுப்பமாட்டேனா?"

கஜபதி தோளைத் தொட்டுவிட்டுப் போனார். வேதமுத்து ரவைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாராளிடம் என்ன சொல்வது, எந்த முகத்தோடு சொல்வது? பிறகு, தன்னைத் தானே தேற்றிக்கொள்ள ஆரம்பித்தார். இந்த மெஷினோடு போயிருந்தாலும் வடக்கேதானே? எப்படிச் சுற்றினாலும் அங்கேதான் எழுதியிருக்கிறது. கர்த்தருடைய சித்தம் அப்படி. என்னால் ஆனதைச் செய்து பார்த்துவிட்டேன்.

அந்த நினைப்பு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாட்சாயிணியிடம் திரும்பினார். "ஸ்வெட்டர் ஒண்ணு வாங்கிக்கோம்மா. அங்கெல்லாம் குளிர் தாங்காது. முடிஞ்சா ரெண்டு பேரும் ஒரே ரயில்லயே போயிடலாம்."

மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்த எத்திராஜ் நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தம்மாவுக்கு ரயிலு இன்னாத்துக்கு சார்? மெஷின் போறது எதிர் காம்பவுண்டுல தொறக்கப்போற மாவு மில்லுக்குத்தான், மொதலாளி இப்பத்தான் சொன்னாரு, நானே தள்ளிகினு போயி வெச்சிட்டு வந்துர்றேன்."