'அப்பவே சொன்னேன்' கேன்டீன்காரர்

உங்கள் ஊர் மாநகராட்சியில் ஆட்சி மாறியிருக்கிறதா? ஜாக்கிரதை. 'அப்பவே சொன்னேன்' ஆசாமிகள் கிளம்பியிருப்பார்கள்.

ஓட்டு எண்ணும்வரை இவர்கள் வாயே திறந்திருக்க மாட்டார்கள். முடிவு வந்ததும், எந்த வார்டில் யார் மண்ணைக் கவ்வுவார் என்று மாதக்கணக்காகத் தொண்டை வற்றக் கத்தியதாகவும், கேட்கத்தான் நாதியில்லாமல் போனதாகவும் பெருமூச்சு விடுவார்கள். யாரிடம் கத்தினார்கள்? அதைக் கேட்கக் கூடாது.

மாநகராட்சி கேன்டீன்காரர் இந்த இனத்தில் அசல் சரக்கு. கேன்டீனை யாருக்கு விடுவது என்று முடிவு செய்யும் குழுவின் தலைவர் பழைய ஆளுங்கட்சிக்காரர். அவருக்கென்று தனிக் கோப்பை, இரட்டைச் சர்க்கரை. "அண்ணே, உங்களை அசைக்க ஆளே கிடையாது!"

எண்ணிக்கையில் அண்ணனின் கட்சி கவிழ்ந்தது. அண்ணன் மட்டும் தன் வார்டில் மயிரிழையில் தப்பினார். மத்தியானம் அவரிடமிருந்து போன். கேன்டீன்காரர் எடுக்கவில்லை. மறுபடியும் வந்தது. திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

"எடுத்துப் பேசேன்டா, பாவம்" என்றார் அடுப்படியில் நின்ற அக்கா.

"தோத்தவங்க வாடை நம்ம மேல ஒட்டிக்கும்க்கா. இந்த மாசம் ஒப்பந்தம் முடியுது. போச்சுன்னா நீயும் நானும் தெருவுலதான்."

"போன வாரம் அவருக்குத்தானேடா ஓட்டு கேட்ட?"

"வாய்தான் கேட்டுச்சு. மனசு அப்பவே சொல்லுச்சு."

பூச்செண்டோடு ஜெயித்த கட்சி அலுவலகத்துக்கு ஓடினார். தெருமுனை வரை வரிசை. அத்தனை பேரும் அப்பவே சொன்னவர்கள். இடித்துப் பிடித்து உள்ளே போனால், மேயராகப் போகிறவருக்குப் பக்கத்து நாற்காலியில், சட்டையில் புதுச் சின்னம் மினுமினுக்க உட்கார்ந்திருந்தது யார்?

அண்ணனேதான். பெரும்பான்மைக்கு ஒரு கை குறைந்ததாம். மத்தியானமே தாவிவிட்டார். அதே குழு, அதே தலைவர் பதவி.

"வா தம்பி. கூடவே வந்துடு, கேன்டீன் உனக்குத்தான்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். போன் என்ன, ரிப்பேரா?"

"அண்ணே... நீங்க இங்க வந்துடுவீங்கன்னு நான் அப்பவே..."

"யார்கிட்ட சொன்ன?"

பூச்செண்டை எந்தப் பக்கம் நீட்டுவதென்று தெரியாமல் இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் நீட்டினார். யாரும் வாங்கவில்லை. கேன்டீன், வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவருக்குப் போயிற்று. பாத்திரங்களை மூட்டை கட்டும்போது அக்கா, 'அப்பவே சொன்னேன்' என்று சொல்லிக்காட்டவில்லை. உண்மையிலேயே முன்கூட்டிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

என்ன, சிரிக்கிறீர்கள்? நாற்காலியில் அண்ணன்தான் இருப்பார் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டீர்களா?

சரி. யாரிடம் சொன்னீர்கள்?